பாடகர் திரும்பி வந்தார், மற்றவர்கள்?



மைசூருவிலிருந்து நஞ்சன்கூடு, சாமராஜநகர் வழியாகத் தெற்கே சென்று மாநில எல்லையைக் கடந்தால், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த தாளவாடி மலைப்பகுதி வரும். அங்கே தொட்டகாஜனூர் என்றொரு சிற்றூர் உள்ளது. ஊரில் விடுமுறை கழித்துவிட்டு மைசூருவுக்குத் திரும்பும் நம்மில் சிலர் அந்தப் பகுதி வழியாகப் பயணம் செய்திருக்கக்கூடும். ஒரு பாடகரின் பெயரோடும் ஒரு பெரிய குற்றத்தோடும் பிணைந்துபோன ஊர் அது.

திரைப்படச் செய்திகளை நம் பக்கங்களில் எழுதுவது வழக்கமன்று. ஆயினும் இது திரைப்படத்தைப் பற்றிய கட்டுரையன்று. 2000ஆம் ஆண்டில் இந்நகரில் வாழ்ந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் வாசலையும் தொட்ட ஒரு நிகழ்ச்சியைப் பற்றியது. உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். "ராஜ்குமார் கடத்தப்பட்ட சமயம்" என்று சொன்னாலே போதும். அவர்கள் முகம் மாறும்.

அந்த இரவு

கன்னட மக்கள் 'அண்ணாவரு' என்று அழைத்த டாக்டர் ராஜ்குமாரை நடிகர் என்று மட்டும் நினைப்பவர் பலர். அவர் தேர்ந்த பாடகரும் ஆவார். முத்துராஜ் என்ற இயற்பெயருடன் 1929இல் பிறந்தார். நாடக மேடையில் வளர்ந்து, 1954இல் கண்ணப்பரின் கதையைக் கூறும் 'பேடர கண்ணப்பா' என்ற படத்தின்மூலம் நாயகனாக அறிமுகமானார். பல ஆண்டுகள் அவருக்காகப் பின்னணி பாடியவர் பி. பி. ஸ்ரீனிவாஸ். 1974க்குப் பின்னர் ராஜ்குமார் தம் பாடல்களைப் பெரும்பாலும் தாமே பாடினார். 1992ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது அவருக்கே கிடைத்தது. அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது நம் மைசூருப் பல்கலைக்கழகம்.

கன்னட மொழியின் அடையாளமாகவே கருதப்பட்ட இம்மனிதரின் சொந்த ஊர், இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் காஜனூர் என்பதைக் கவனியுங்கள். மொழிகளுக்கிடையே மனிதர் வரைந்த கோடு எவ்வளவு மெல்லியது!

2000ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி இரவு, 71 வயதான ராஜ்குமார் காஜனூரில் தம் வீட்டில் குடும்பத்தாருடன் இருந்தார். ஆயுதம் ஏந்திய ஆட்களோடு சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் உள்ளே நுழைந்தான். ராஜ்குமாரையும் அவருடன் இருந்த மூவரையும் காட்டுக்குள் கொண்டுசென்றான். மனைவி பர்வதம்மாவின் கையில் ஓர் ஒலிநாடாவைக் கொடுத்து, அதைக் கர்நாடக முதலமைச்சரிடம் சேர்க்கும்படி கூறிச் சென்றான்.

108 நாட்கள்

மறுநாள் பொழுது விடிந்தபோது கர்நாடகம் நிலைகுலைந்தது. கடைகள் அடைக்கப்பட்டன. இரு மாநிலங்களுக்கும் இடையே பேருந்துகள் நின்றன. பெங்களூருவில் கல்வீச்சும் தீவைப்பும் நிகழ்ந்தன. கன்னடத் திரையுலகம் தன் வேலையனைத்தையும் நிறுத்தியது.

அடுத்து வந்த கோரிக்கைகளோ தமிழ் மக்களின் பெயரைச் சொல்லி வந்தன. காவிரி நீருக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும். 1991 டிசம்பர் கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழருக்கு இழப்பீடு வேண்டும். பெங்களூருவில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும். தடா சட்டத்தில் சிறைப்பட்டிருப்போரை விடுவிக்க வேண்டும் என்று பட்டியல் நீண்டது.

வாசகரே, சற்றே நின்று யோசியுங்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றவன் என்று காவல்துறை தேடிய ஒருவன், காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நம் பெயரால் பேசினான். நம்மிடம் கேட்டா பேசினான்? மைசூருவில் தையல் கடை வைத்திருந்தவரும், கட்டட வேலைக்குச் சென்றவரும், தொழிற்சாலையில் இரவுப் பணி பார்த்தவரும் அவனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்களா? ஆனால் அவன் பேசிய பேச்சின் பாரத்தைச் சுமந்தவர்கள் இவர்களே. 1991இல் வீடும் கடையும் இழந்து ஓடிய நினைவு அழியுமுன்னரே, மீண்டும் ஒரு பயம் வந்து சேர்ந்தது. பேருந்தில் தாய்மொழியில் பேசாதே என்று தாய்மார் பிள்ளைகளை எச்சரிக்க வேண்டிய காலம் அது.

தமிழகத்திலிருந்து பத்திரிகையாளர் நக்கீரன் கோபால் தூதராகப் பலமுறை காட்டுக்குள் சென்றார். பின்னர் பழ. நெடுமாறன் உள்ளிட்டோரும் சென்றனர். உடன் கடத்தப்பட்டவர்களில் ஒருவர் இடையிலே தப்பி வந்தார். ராஜ்குமார் நவம்பர் 15ஆம் தேதி, 108 நாட்களுக்குப் பின்னர் விடுதலையானார். மக்கள் மகிழ்ந்து கொண்டாடினர்.

கதை இத்துடன் முடிந்துவிட்டதாகவே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். பாடகர் போனார், பாடகர் வந்தார். ஆனால் அந்த 108 நாட்களில் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களைக் குறித்தே இக்கட்டுரை.

ஒரு தகப்பனின் மனு

வீரப்பனின் கோரிக்கையை ஏற்ற அரசு, அவனுடைய கூட்டாளிகள் என்று மைசூருச் சிறையில் வைக்கப்பட்டிருந்த 51 பேர் மீதான தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப்பெற முன்வந்தது. மைசூருவில் இருந்த தடா நீதிமன்றமும் 2000 ஆகஸ்டில் அதற்கு அனுமதி அளித்தது. மாநிலமே பாடகரின் வரவுக்காகக் காத்திருந்தது. 'சட்டம் சற்று வளைந்தால் என்ன? அண்ணாவரு திரும்பினால் போதும்' என்பதே எங்கும் நிலவிய மனநிலை.

அப்பொழுது ஒரு முதியவர் எழுந்து, 'கூடாது' என்றார். அவர் பெயர் அப்துல் கரீம்; ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. அவருடைய மகன் ஷகீல் அகமது காவல் உதவி ஆய்வாளராக இருந்தவர். 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி, காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவுடன் வீரப்பனைத் தேடிச் சென்றபோது, காட்டுப் பாதையில் மறைந்திருந்த கும்பலால் இருவரும் கொல்லப்பட்டனர். அந்த மகனின் தகப்பன், மைசூரு நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். கோடிக்கணக்கானோர் நேசிக்கும் பாடகருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், அத்தனை பேருடைய கோபமும் யார்மேல் திரும்பியிருக்கும்? அவர் அதையெல்லாம் அறியாதவரல்லர். உச்ச நீதிமன்றம் கைதிகளின் விடுதலையைத் தடுத்து நிறுத்தியது. நவம்பர் 7ஆம் தேதி தன் தீர்ப்பில், வழக்கைத் திரும்பப்பெற அளித்த அனுமதியை ரத்துசெய்தது. அரசுகள் கலங்கிப்போய் எடுத்த முடிவுக்குச் சட்டம் இடம் தராது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு வந்த எட்டாம் நாள் ராஜ்குமார் உயிரோடு வீடு திரும்பினார்.

ஆண்டுகள் பல சென்றபின்னும் ராஜ்குமாரின் பெயரை அறியாதவர் இல்லை. அப்துல் கரீமின் பெயரை உங்களில் எத்தனை பேர் இதற்குமுன் கேட்டிருக்கிறீர்கள்?

சிறைக்குள் இருந்தவர்கள்

அந்தத் தகப்பனின் கண்ணீர் நியாயமானது. ஆனால் மைசூருச் சிறையின் சுவர்களுக்குள்ளும் கண்ணீர் இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி பாலாறு அருகே கண்ணிவெடி வைத்து 22 பேரை வீரப்பன் கூட்டம் கொன்றது. அதன்பின் அதிரடிப்படையினர் மலையோரக் கிராமங்களில் நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றனர். அவர்களில் தமிழ் பேசும் ஏழைகள் ஏராளம். விறகு வெட்டியும் கல் உடைத்தும் பிழைத்தவர்கள். வீரப்பனுக்கு அரிசி கொடுத்தாய் என்று ஒருவர். அவன் போன வழியைச் சொல்லவில்லை என்று மற்றொருவர். தடா சட்டத்தின்கீழ் ஜாமீன் கிடைப்பது மிகவும் கடினம். ஆண்டுகள் உருண்டோடின.

2001 செப்டம்பரில் மைசூரு தடா நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குற்றஞ்சாட்டப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் சிலர் ஏழெட்டு ஆண்டுகளைச் சிறையிலேயே கழித்திருந்தார்கள். குழந்தையாக விட்டுச்சென்ற மகன் வேலைக்குப் போகும் வயதை எட்டியிருந்தான். தண்டிக்கப்பட்ட ஒரு சிலரில் நால்வருக்கு விதித்த ஆயுள் தண்டனையை 2004இல் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. 2014இல் அது மீண்டும் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

அதிரடிப்படையின் அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை 1999இல் அமைத்தது. பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்க 2007இல் ஆணையம் பரிந்துரைத்தது. இழந்த உடல்நலத்துக்கும் குலைந்த குடும்பத்துக்கும் பணம் ஈடாகுமா?

ஆக, பாடகருக்காகச் சிறைக் கதவு திறக்கவிருந்தபோது, உள்ளே குற்றவாளிகளும் இருந்தார்கள். ஒரு குற்றமும் செய்யாதவர்களும் இருந்தார்கள். அவர்களை வீரப்பன் பேரத்துக்கான பொருளாகக் கண்டான். அரசும் அப்படியே கண்டது. அவர்களில் யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று விசாரித்து முடிக்கும் அவசரம் அதற்குமுன் யாருக்கும் இருக்கவில்லை. அப்துல் கரீம் கேட்டது நீதி. சிறைக்குள் இருந்தவர்கள் கேட்டதும் நீதிதான். இரண்டும் தாமதமாகவே வந்தன.

திரும்பி வராத மனிதர்

இரண்டு ஆண்டுகள் சென்றன. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் தேதி, சாமராஜநகர் மாவட்டத்துக் காமகெரேயில் இருந்த தம் வீட்டிலிருந்து கர்நாடக முன்னாள் அமைச்சர் எச். நாகப்பா கடத்தப்பட்டார். கடத்தியவன் அதே வீரப்பன். காடும் அதே காடு. ஆனால் இம்முறை மாநிலம் முழுவதும் வாரக்கணக்கில் கொந்தளிக்கவில்லை. நூறு நாட்களுக்கு மேல் கடந்தபின், டிசம்பர் 8ஆம் தேதி காட்டில் அவருடைய சடலம் கிடைத்தது.

அவரும் ஒரு வீட்டின் தலைவர். அவருக்காகவும் ஒரு மனைவி காத்திருந்தார். ஆனால் அவர் பாடகர் அல்லர்.

பாகவதரும் மேலைநாட்டாரும்

புகழ்பெற்ற ஒரு குரல் குற்றத்தோடு சேரும்போது நம் செவி அந்தக் குரலை மட்டுமே கேட்கிறது. இது கர்நாடகத்தில் மட்டும் நடந்ததன்று.

நம் தமிழகத்தையே பாருங்கள். எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்ற பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்ற வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையானார்கள். பாகவதர் பழைய புகழை மீண்டும் காணாமலே 1959இல் காலமானார். அவருக்காக இன்றும் மனம் வருந்துகிறோம், அது தகும். ஆனால் இறந்துபோன மனிதரை யார் நினைக்கிறார்? பிறருடைய அந்தரங்கத்தை அச்சிட்டுப் பிழைத்தவர் என்பது அவர்மேல் இருந்த பழி. அதை வாங்கிப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். எப்படியிருந்தாலும் அதற்குத் தண்டனை கத்திக்குத்து அன்று.

மேலைநாட்டு ராக் இசையுலகிலும் இதுவே நிலை. 'பீச் பாய்ஸ்' என்னும் அமெரிக்கக் குழுவின் டெனிஸ் வில்சன், 1968இல் சார்லஸ் மேன்சன் என்பவனையும் அவனைப் பின்பற்றியவர்களையும் தம் வீட்டில் தங்கவைத்தார். மேன்சன் இயற்றிய பாடல் ஒன்றை மாற்றியமைத்து அக்குழு வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவனுடைய ஆட்கள் லாஸ் ஏஞ்சல்சில் இரண்டு இரவுகளில் ஏழு பேரைக் கொன்றனர். எந்த இசைக்குழுவோடு அவனுக்குத் தொடர்பு, எந்தப் பாடலைக் கேட்டு அவன் புத்தி தடுமாறியது என்று எழுதிய புத்தகங்கள் பல. கொல்லப்பட்டவர்களில் ஒருவன் 18 வயது இளைஞன்; தெரிந்தவரைக் கண்டு ஒரு கடிகார வானொலியை விற்க அங்கே வந்தவன். அவனைப் பற்றி எத்தனை பக்கங்கள்?

ஜிம் கார்டன் என்னும் டிரம்ஸ் கலைஞர், எரிக் கிளாப்டனுடன் 'லைலா' என்ற பாடலை இயற்றியவர். கடுமையான மனநோயால் வாடிய அவர், தம் தலைக்குள் ஒலித்த குரல்களின் வதை தாளாமல் 1983இல் பெற்ற தாயையே கொன்றார். சிறையில் இருந்தபோதே, 1993இல் அந்தப் பாடலுக்காகக் கிராமி விருதில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 2023இல் சிறை மருத்துவமனையில் இறந்தார். அப்பாடலைக் கேட்டுத் தலையசைப்போருக்கு அந்தத் தாயின் நினைவு வருமா? அந்த நோய்க்கு வேளையிலே தக்க மருத்துவம் தொடர்ந்திருந்தால் என்ற கேள்வியாவது வருமா?

வழக்கு என்ன ஆயிற்று?

2004ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே தமிழக அதிரடிப்படையினர் வீரப்பனைச் சுட்டுக் கொன்றனர். 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி ராஜ்குமார் பெங்களூருவில் இயற்கை எய்தினார். அவருடைய இறுதிச்சடங்கின்போது எழுந்த கலவரத்தில் ஒரு காவலர் உட்படப் பலர் உயிரிழந்தனர். அன்பின் பெயரால் கூடிய கூட்டம் ஒரு காவலரை அடித்துக் கொன்றது! அவரும் எங்கோ ஒரு தாய்க்கு மகன்.

கடத்தல் வழக்கோ கோபிசெட்டிபாளையம் நீதிமன்றத்தில் 18 ஆண்டுகள் இழுத்தடித்தது. வீரப்பனும் வேறு சிலரும் இதற்குள் இறந்துபோயினர். எஞ்சிய ஒன்பது பேரையும், குற்றம் ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று கூறி 2018 செப்டம்பரில் நீதிமன்றம் விடுவித்தது. ஒரு மாநிலத்தையே நிறுத்தி வைத்த குற்றத்துக்கு, சட்டத்தின் கணக்கில் தண்டிக்கப்பட்டவர் ஒருவருமில்லை.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

வாசகரே, இன்று குற்றக் கதைகள் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. வீரப்பனைப் பற்றியே 2023இல் ஒரு தொடர் வெளியாயிற்று. இரவு உணவுக்குப் பின் பிள்ளைகள் கைபேசியில் பார்ப்பது இவற்றையே. பார்க்காதே என்று மட்டும் சொன்னால் அவர்கள் மறைவாகப் பார்ப்பார்கள். அதைவிட, அருகில் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்.

முதலாவது: இந்தக் கதையில் பெயர் சொல்லப்படாத மனிதர் யார்? காவலரா, வேலைக்காரரா, அடுத்த வீட்டுக்காரரா? அவருக்கு என்ன நேர்ந்தது?

இரண்டாவது: குற்றம் செய்தவன் எந்த மொழிக்காரன், எந்தச் சாதிக்காரன் என்று சொல்லி, அந்த மக்கள் அனைவர்மேலும் பழியைச் சுமத்துகிறோமா? 2000ஆம் ஆண்டில் அந்தப் பழியைச் சுமந்தவர்கள் நாம். சுமந்தவர்களே அதை மற்றவர்மேல் வைக்கலாமா?

மூன்றாவது: வழக்கு முடியுமுன் நாமே தீர்ப்புக் கூறுகிறோமா? பாகவதரைக் கொலைகாரன் என்றவர்களும் உண்டு. தடா கைதிகள் அனைவரையும் கொள்ளைக்காரர் என்றவர்களும் உண்டு. இரு கூட்டத்தாரும் பின்னர் வெட்கப்பட வேண்டியதாயிற்று.

இந்நகருக்குப் பிழைக்க வந்த நாம் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். எந்தச் செய்தியிலும் 'மற்றும் சிலர்' என்ற சொல்லுக்குள் அடங்குபவர்கள். ஆகையால் அந்தச் 'சிலரை' நினைவில் வைக்கும் கடமை மற்றவரைவிட நமக்கே அதிகம்.

அடுத்தமுறை சாமராஜநகர்ச் சாலையில் பயணம் செய்யும்போது, காஜனூர் எந்தத் திசை என்று பிள்ளைகள் கேட்டால் காட்டுங்கள். அங்கே பிறந்த பாடகரின் கதையைச் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், ஒரு தகப்பன் கொடுத்த மனுவைப் பற்றியும், மைசூருச் சிறையில் ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்த விறகுவெட்டியைப் பற்றியும் சொல்லுங்கள்.